கெம்பாரைக் கோட்டையின் முன்பக்கம்

தட்டில் புல் துல்லியமாக விழுந்திருந்தது. கோட்டைதான் கலங்கியிருந்தது.

இருட்டுக் கூடாரத்துக்குள் மண்டியிட்டிருந்த வெண்மதி, மருந்துத் தண்ணீரிலிருந்து படமெடுத்த கண்ணாடித் தட்டை விரல் நுனிகளால் தூக்கி, துணிக்கதவை முழங்கையால் ஒதுக்கிப் பகல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஈதர் நெடி மூக்கிலும் தொண்டையிலும் இனிப்பாகப் படிந்திருந்தது. நீலச் சாம்பலாக இருந்த உருவங்கள் கருப்பும் வெள்ளையுமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. இந்தத் தொழிலில் அவளுக்கு மிகவும் பிடித்த நொடி அதுதான். இந்த முறை பிடிக்கவில்லை. கோட்டைக்கு முன்னால் சரிவு முழுக்க முழங்கால் அளவு வளர்ந்து, காலையிலிருந்து காற்றில் ஓயாமல் அலையடித்துக்கொண்டிருந்த காய்ந்த புல், ஒவ்வொரு தாளும் ஊசியால் கீறியதுபோல் அசையாமல் நின்றது. அதன் நடுவில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு கருப்பு ஆடுகூட, கழுத்து மணியோடும் வாயில் தொங்கிய புல்லோடும், தனித்தனி மயிராகத் தெரிந்தது. அவற்றுக்குப் பின்னால், நூற்றாண்டுகளாக ஒரே இடத்தில் நிற்கும் கருங்கல் சுவர், வளைவு மாடங்கள், இரண்டு பக்கத்துக் கொத்தளங்கள் எல்லாம் விளிம்பு கரைந்து, மூச்சு வாங்கும் மிருகத்தின் விலாவைப்போல் கலங்கியிருந்தன.

தலைகீழாக இருந்தது எல்லாம். கண்ணாடித் தட்டில் எடுக்கும்போது காமிராவின் மூடியைக் கழற்றி, ஒரு பாட்டை முழுதாக முணுமுணுக்கும் நேரம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அசையாமல் நிற்பது கூர்மையாக விழும். அசைவது புகையாகிப் போகும். கல் நிற்கும், புல் கலங்கும். அதுதான் விதி.

"என்னக்கா, நல்லா வந்துச்சா?" கூடாரத்துக்கு வெளியிலிருந்து எழிலரசி கேட்டாள்.

"கோட்டை ஆடிடுச்சு."

"கோட்டை எப்டிக்கா ஆடும்? உன் கை ஆடிருக்கும்."

"என் கை ஆடுனா புல்லுந்தானே ஆடிருக்கணும்?"

தங்கை அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவள் ஏற்கனவே வேறு எதற்கோ போயிருந்தாள். தர்மபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். ஞாயிற்றுக்கிழமை லீவில் அக்காவுக்குத் துணையாக வந்தவள். உட்கார்ந்தால் காலை ஆட்டுவாள், நின்றால் கண்ணாடி வளையல்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருப்பாள், பேசாமல் இருந்தால் காய்ச்சல் என்று அர்த்தம். மாரண்டஹள்ளியில் தக்காளி லோடு லாரிகளுக்குப் பின்னால் வேன் ஊர்ந்தபோதும், கேழ்வரகுக் காடுகளுக்கு நடுவில் மண்பாதையில் குலுங்கியபோதும் அவள் வாய் ஓயவில்லை.

வெண்மதி அந்தத் தட்டைக் கழுவிச் சட்டத்தில் நிறுத்திவிட்டு, கருத்துப்போன விரல்களைச் சேலை முந்தானையில் துடைத்தாள். வெள்ளி மருந்தின் கறை. எத்தனை தேய்த்தாலும் வாரக்கணக்கில் போகாது. கல்யாண வீடுகளில் அவள் விரல்களைப் பார்த்து முகம் சுளிப்பார்கள்.

தட்டின்மேல் மருந்துப் படலம் சரியாக ஒட்டியிருக்காது, என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். கோட்டை விழுந்த இடத்தில் மட்டும் வழுக்கியிருக்கும். வெயில்காலத்தில் அப்படி நடப்பதுண்டு.

அப்படி நடந்து அவள் பார்த்ததில்லை.

*

பழைய கோட்டைகளைப் பழைய முறையிலேயே எடுத்துக் கண்காட்சி வைப்பதாகச் சேலத்தில் ஒரு புகைப்படக் குழு அறிவித்திருந்தது. வெண்மதி பெயர் கொடுக்கப் போனபோது, அங்கிருந்த செயலாளர் அவள் கையையும் தோளையும் ஒரு பார்வை பார்த்தார். "அதெல்லாம் கனமான வேலைம்மா. டிஜிட்டல்ல எடுத்துப் பழுப்பு கலர் போட்டுக் குடுத்துடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வெண்மதி பதிலுக்குச் சிரிக்கவில்லை. தேக்குக் காமிராவையும் அதன் இரும்புக் கால்களையும் மருந்துப் புட்டிகளையும் தன் தோளிலேயே தூக்கிக்கொண்டு மலையேறுவதென்று அன்றே முடிவு செய்தாள். அதுவும் மாவட்டத்தில் யாரும் எடுக்காத கெம்பாரைக் கோட்டையை.

யாரும் எடுக்கவில்லை என்பது உண்மைதான். கொத்தளத்தை எடுத்திருந்தார்கள். பின்சுவரை, குளத்தை, உடைந்த லாயத்தை எடுத்திருந்தார்கள். செந்நிறப் பாறைமேல் மாடம் மாடமாக உயர்ந்து நிற்கும் அந்த முன்பக்கம் மட்டும் எந்தப் படத்திலும் இல்லை. கோட்டையின் பாளையக்காரர் வழியில் வந்த பிரபாகர் பெங்களூரில் இருந்தார். அனுமதி கேட்டுப் போன் செய்தபோது மரியாதையாகத்தான் பேசினார்.

"தாராளமா எடுங்க. முன்பக்கம் மட்டும் வேணாங்க."

"ஏங்க?"

"எங்க தாத்தாவுக்கு அப்பறம் எங்க வூட்ல யாரும் எடுத்ததில்ல. பழக்கம் அப்டி."

"முன்பக்கம் இல்லாம கோட்டைய எடுக்கறது, மூஞ்சிய உட்டுட்டுக் கல்யாணப் பொண்ண எடுக்கற மாதிரிங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. "எடுக்கலன்னு சொல்லுங்க. அப்பறம் போங்க," என்றார். வெண்மதி சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள். ஒருவர் வேண்டாம் என்று காரணத்தோடு சொன்னால் கேட்பாள். காரணமில்லாமல் சொன்னால் அதைச் செய்யாமல் அவளால் தூங்க முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படி.

*

இரண்டாவது தட்டுக்குக் காமிராவைச் சற்று இடப்பக்கம் நகர்த்தி, கருப்புத் துணியைத் தலைமேல் போர்த்திக்கொண்டு உள்ளே புகுந்தாள்.

துணிக்குள் எப்போதுமே ஒரு தனி ராத்திரி. வெளியே நெற்றி வேகும் வெயில், உள்ளே தேக்கின் வாசம், தன் மூச்சின் சூடு, கண்ணுக்கு முன்னால் காமிராவின் பால் கண்ணாடியில் உலகம் தலைகீழாகத் தொங்கும் வெளிச்சம். வானம் கீழே. புல் மேலேயிருந்து தொங்கியது. அவள் கூர்மையைச் சரிசெய்யத் திருகைத் திருப்பினாள். காற்று பலமாக அடித்தது. துணியின் ஓரம் படபடவென்று அவள் முதுகில் அறைந்தது. அப்போதுதான் கவனித்தாள்.

புல் அசையவில்லை.

துணியை அடிக்கிற காற்று புல்லை அடிக்கவில்லை. தலைகீழாகத் தொங்கிய ஆட்டின் வாயில் அதே புல் அதே அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது, தாடை அரைக்கவில்லை. காலையிலிருந்து காதில் விழுந்துகொண்டிருந்த மணியோசை எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தாள். முதல் தட்டுக்காக மூடியைக் கழற்றியபோது. ஆமாம். அப்போதிலிருந்து இல்லை.

பால் கண்ணாடியில் கோட்டை மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. பெரிதாக இல்லை. தூங்கும் நாயின் தோல் நடுங்குமே, அப்படி.

துணியை உதறிவிட்டு வெளியே வந்தாள். கோட்டை கல்லாகத்தான் நின்றது. சுண்ணாம்பு உதிர்ந்த வளைவுகள், இருண்ட மாடங்கள், கதவில்லாத பெருவாசல். மறுபடியும் துணிக்குள் போனாள். நடுங்கியது.

தன் இதயத் துடிப்புதான் காமிராவை உலுக்குகிறது என்று நினைத்து ஒரு கையை எடுத்தாள். பிறகு மற்றக் கையையும் எடுத்தாள். எதையும் தொடாமல் நின்றாள். அது நடுங்கிக்கொண்டேதான் இருந்தது.

அவளுக்கு நன்றாகப் பழகிய கோபம் ஏறியது. சேலத்தில் அந்த மனிதர் சிரித்தபோது ஏறிய அதே கோபம். ஒரு கல் கட்டடம் என்னைக் கிளம்பு என்கிறதா? நான் கிளம்ப மாட்டேன். படத்தோடுதான் கிளம்புவேன்.

"அக்கா, நான் படியில நிக்கட்டா? ஆளு நின்னாத்தான கோட்டை எவ்ளோ பெருசுன்னு தெரியும்?" என்றாள் எழிலரசி.

"நீயா? நிப்பியா? நீ நடந்துட்டே இருப்பே, தட்டுல புகையாத்தான் உழுவே."

"பேய் மாதிரியா?" அவள் முகம் மலர்ந்துவிட்டது. "பழைய காலத்துப் படத்துல வருமே, அந்த மாதிரியா? சூப்பர்க்கா. நான் படியேறி நடக்கறேன், நீ எடு."

வேண்டாம் என்று சொல்ல வெண்மதி வாயைத் திறந்தாள். ஏன் வேண்டாம் என்று தங்கை கேட்டால் சொல்ல ஒரு காரணமும் இல்லை. வாயை மூடிக்கொண்டாள்.

கூடாரத்துக்குள் புதுக் கண்ணாடியில் கொலோடியன் பசையை ஊற்றிச் சாய்த்துப் பரப்பி, வெள்ளித் தண்ணீரில் முக்கி எடுத்து, மரப் பெட்டியில் அடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். தட்டு ஈரமாக இருக்கும்போதே எல்லாம் முடிய வேண்டும். "போ!" என்று கத்திவிட்டு மூடியைக் கழற்றினாள்.

எழிலரசி ஒற்றையடிப் பாதையில் தாவித் தாவி நடந்தாள். சுடிதார் துப்பட்டா பின்னால் பறந்தது. வளையல்கள் கிலுகிலுத்தன. ஏதோ ஒரு பாட்டை ராகம் தப்பிப் பாடிக்கொண்டே முதல் படியில் கால் வைத்தாள், அடுத்த படி, அடுத்த படி. வெண்மதி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு மனசுக்குள் தன் பாட்டை முணுமுணுத்தாள். வாசலுக்கு முன் படியில் தங்கை வலது காலைத் தூக்கினாள்.

வளையல் சத்தம் நின்றது.

பாட்டும்.

வெண்மதி மூடியைப் போட்டாள். "போதும், வாடி!" என்று குரல் கொடுத்துவிட்டு, தட்டு காய்ந்துவிடும் என்ற அவசரத்தில் திரும்பிப் பார்க்காமல் கூடாரத்துக்குள் ஓடினாள்.

சிவப்பு விளக்கு. மருந்தை ஒரே வீச்சில் ஊற்றினாள். உருவங்கள் எழுந்தன. தண்ணீர். அடுத்த மருந்து. நீலம் வெளுத்துக் கருப்பு வெள்ளையாகத் திரும்பியது. கோட்டை இந்த முறை கலங்கியிருக்கவில்லை, ஓடியது. மாடங்கள் இழுபட்டு, கொத்தளங்கள் வளைந்து, வெள்ளத்தில் எடுத்த படம்போல் முழுக்க ஓட்டமாக இருந்தது. அதன் நடுவில் ஓர் அரிசி அளவுக்கு எழிலரசி. புகையாக இல்லை. ஒரு காலைத் தூக்கியபடி, துப்பட்டா காற்றில் நின்றபடி, மணிக்கட்டில் வளையல்களை எண்ணிவிடலாம் என்னும் அளவுக்குக் கூர்மையாக.

வெண்மதி துணிக்கதவைக் கிழிப்பதுபோல் விலக்கினாள்.

எழிலரசி இன்னும் படியில்தான் இருந்தாள். ஒரு காலைத் தூக்கியபடி.

*

"எழிலு! விளையாடாதடி!"

சரிவில் ஓடினாள். பாதையை விட்டு விலகிய அவள் காலைப் புல் கிழித்தது. வளையவில்லை அது. கம்பிபோல் விறைத்து நின்று கணுக்காலிலும் ஆடுசதையிலும் கீறியது. ரத்தம் கசிந்த காலோடு படியேறித் தங்கையின் கையைப் பிடித்தாள்.

சூடாக இருந்தது கை. உயிருள்ள சூடு. மணிக்கட்டில் நாடியைத் தேடினாள். விரலுக்கடியில் நரம்பு மேலே எழும்பியிருந்தது. எழும்பியபடியே இருந்தது. தாழவில்லை. பாதி திறந்த வாயில் பாட்டின் ஏதோ ஓர் எழுத்து நின்றிருந்தது. நெற்றியிலிருந்து பிரிந்த ஒரு வியர்வைத் துளி புருவத்துக்கு மேல் தொங்கியது. கண்கள் வாசலைப் பார்த்தன. இடுப்பைச் சுற்றிக் கட்டிப்பிடித்து இழுத்துப் பார்த்தாள். தோளை முட்டுக்கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். கல்லோடு வார்த்ததுபோல் அவள் அசையவில்லை.

நிலைதடுமாறி வாசல் தூணில் கையை ஊன்றினாள் வெண்மதி.

தூண் துடித்தது.

உள்ளங்கைக்கு அடியில், கருங்கல்லுக்குள், ஓர் இளம்பெண்ணின் நாடி சீராகத் துடித்துக்கொண்டிருந்தது. மேலே எங்கோ, படிக்கட்டே இடிந்துபோன மாடியில், கண்ணாடி வளையல்கள் கிலுகிலுத்துக்கொண்டு ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நடந்தன.

போனை எடுத்தாள். பிரபாகர் உடனே எடுத்தார்.

"முன்னால நின்னு எடுத்துட்டீங்களா?" அவள் பேசுவதற்கு முன்பே கேட்டார்.

"எந்தங்கச்சி... அசைய மாட்டேங்கறா சார்."

பெங்களூரின் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்க அசையறீங்கல்ல? அப்ப கிளம்பிடுங்க. அவங்களுக்காக நிக்காதீங்க. எங்க தாத்தாவும் அப்டித்தான் கிளம்பி வந்தாரு."

"யாரை உட்டுட்டு வந்தாரு?"

"இருட்டறதுக்குள்ள போயிடுங்கம்மா," என்றார்.

"அது எந்தங்கச்சிங்க," என்றாள் வெண்மதி. "உங்க தாத்தா வந்திருக்கலாம். நான் வரமாட்டேன்." போனை அணைத்துப் படியிலேயே வைத்தாள்.

மாடியில் வளையல் சத்தம் நின்றது. கேட்டுக்கொண்டிருந்ததுபோல.

*

வெயில் சாய்ந்து சரிவின் பாதி வரைக்கும் கோட்டையின் நிழல் வந்துவிட்டது. கூடாரத்துக்குள் அவள் இரண்டு தட்டுகளையும் மறுபடி தண்ணீரில் அலசி அருகருகே வைத்துப் பார்த்தாள். எங்கே தொடங்கியது என்று தெரிந்தால் எங்கே முடிப்பது என்று தெரியும். முதல் தட்டில் ஆடு. அதை இன்னும் கிட்டே பார்க்கத் தூக்கியபோது பெருவிரல் வழுக்கியது. ஈரப் படலம் பாலாடைபோல் மடங்கிக் கழன்றது. ஆடு இருந்த இடத்தில் வெறும் கண்ணாடி.

துணிக்கதவின் இடைவெளி வழியாக நிமிர்ந்து பார்த்தாள்.

ஆடு இல்லை.

ஓடவில்லை, விழவில்லை. இல்லை. அது நின்ற இடத்தில் நான்கு குளம்புகளின் அளவுக்குப் புல் நசுங்கியிருந்தது. அவ்வளவுதான். யாரோ ஒருவர் வளர்த்த ஆடு.

வெண்மதி இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். மற்றத் தட்டில் அரிசி அளவு எழிலரசி. அதே ஈரப் படலம். அதே வழுக்கல். ஒரு நகம் பட்டால் போதும்.

பிறகு மெல்ல, மிக மெல்ல, அவளுக்குள் அந்த எண்ணம் எழுந்தது. எழுந்ததும் நெஞ்சோடு இறுக்கிய கைகளை அவிழ்த்தாள்.

ஆட்டை அழித்தால் ஆடு போகும். கோட்டையை அழித்தால்?

கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். முடி சரிந்து முதுகில் விழுந்தது. தட்டை மடியில் வைத்து, சிவப்பு விளக்கை இழுத்து, இடப்பக்கக் கொத்தளத்தின் உச்சியில் ஊசி முனையை வைத்தாள்.

கீறினாள்.

வெளியே ஒரு கல் உருண்டது.

இன்னொரு கீறல். படலம் சுருண்டு எழுந்தது. கூடாரத்தின் துணி உள்நோக்கி உறிஞ்சப்பட்டு அவள் தோளில் ஒட்டியது, பிறகு உப்பியது, பிறகு ஒட்டியது. ஈதர் நெடிக்கு மேலே வேறு ஒரு வாடை வந்தது; வவ்வால் எச்சம், ஊறிய சுண்ணாம்பு, வெகுநாள் மூடிக்கிடந்த அறையின் வியர்வை.

"அக்கா."

துணிக்கு அந்தப்பக்கம். மிக அருகில்.

"அக்கா, எனக்கு ஒண்ணுமில்லக்கா. வெளிய வாயேன்."

எழிலரசியின் குரல். வெண்மதியின் உடம்பு தானாக எழப் பார்த்தது. முழங்கால் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. ஊசி நழுவி, தட்டிலிருந்த தங்கையின் தலைக்கு ஒரு மயிரிழை பக்கத்தில் நின்றது.

"என்னக்கா, நல்லா வந்துச்சா?"

அதே சொல். பகலில் சொன்ன அதே இழுப்பு, அதே மூச்சு.

"கோட்டை எப்டிக்கா ஆடும்? உன் கை ஆடிருக்கும். சூப்பர்க்கா. கோட்டை எப்டிக்கா ஆடும்? அக்கா. அக்கா. அக்கா."

வெண்மதி மறுபடியும் மண்டியிட்டாள். கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"இரு," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "அவ குரலை வெச்சுக்கிட்டு எங்கிட்டயே பேசறியா? இரு. உன்னை உரிச்சிட்டு வரேன்."

மாடங்களை உரித்தாள். ஒவ்வொன்றாக. வளைவுகளை உரித்தாள். வெளியே இடிகிற சத்தம் கேட்கவில்லை. பெரிய துணி ஒன்றை யாரோ நிதானமாகக் கிழிப்பதுபோல் கேட்டது. குரல் இப்போது எழிலரசியுடையது மட்டும் இல்லை. ஒரு கிழவன் கன்னடத்தில் கெஞ்சினான். ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது. யாரோ ஆணையிட்டார்கள். வெண்மதி காது கொடுக்கவில்லை. ஊசி தங்கையின் உருவத்தைச் சுற்றி வந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். துப்பட்டாவின் ஓரம். தூக்கிய பாதம். ஊன்றிய பாதத்துக்கடியில் ஒரு துண்டுப் படியை மட்டும் விட்டாள். மிச்சம் வாசல். கருப்பாக, மென்மையாக, வாயைப்போல் திறந்திருந்த வாசல்.

ஊசியை நட்டநடுவில் இறக்கி இழுத்தாள்.

எல்லாச் சத்தமும் நின்றது.

*

வெளியே வந்தபோது சூரியன் மலைக்குப் பின்னால் போயிருந்தது. கீழே ஊரில் முதல் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள். அந்தச் சத்தம்கூட இவ்வளவு தூரம் கேட்டது. புல் அசைந்தது. காற்று அதன்மேல் அலையாக ஓடிச் சரிவில் இறங்கியது. அவள் ஒரு சின்ன விம்மலோடு மூச்சை விட்டாள்.

கோட்டையின் முன்பக்கம் இல்லை. கொத்தளமும் மாடமும் வாசலும் இருந்த இடத்தில் சாயங்கால வெளிச்சம் இருந்தது. ஒற்றைப் படிமேல், ஒரு காலைத் தூக்கியபடி, அவள் தங்கை நின்றாள்.

அவளுக்குப் பின்னால் அவர்கள் நின்றார்கள்.

முற்பகலில் இருவரும் சுற்றிப் பார்த்த முற்றம்தான் அது. அப்போது எருக்கஞ்செடிகளும் தூர்ந்த கிணறும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. இப்போது சுவரிலிருந்து சுவர் வரைக்கும் ஆட்கள். கையில் சுண்ணாம்புக் கரண்டியோடு ஒரு கொத்தன். இடுப்பில் குடத்தோடு பெண்கள். ஈட்டியைத் தோளில் சாய்த்த காவல்காரர்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவன், அவளுடையதைப் போன்ற மரக் காமிராவின் மூடியைக் கையில் பிடித்தபடி. போனைத் தூக்கிப்பிடித்துச் சிரிக்கிற கல்லூரிப் பையன்கள். அம்மாவின் விரலைப் பிடித்த குழந்தைகள். ஒருவர்மேல் ஒருவர் நெருக்கியடித்து, கடைசி வரிசை இருட்டில் கரையும் வரைக்கும். கோட்டை இதுவரை பிடித்துவைத்த எல்லோரும் கூர்மையாக இருந்தார்கள். எல்லோருடைய முகமும் வாசல் இருந்த பக்கம் பார்த்திருந்தது. எல்லோருடைய ஒரு கால் தூக்கியிருந்தது.

ஓடிவிடு என்று அவள் உடம்பு முழுக்கச் சொன்னது. வேன் சரிவின் கீழே. சாவி இடுப்பில்.

வெண்மதி மேலே ஏறினாள். கால் கீறல்கள் எரிந்தன. படியருகே போனாள். அந்த முகங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில், அவர்களுடைய பழைய வியர்வையின் வாடைக்குள் நின்று, தங்கையின் கையைப் பிடித்தாள்.

"எழிலு. நான்தான்டி. வா."

விரலுக்கடியில் நாடி தாழ்ந்தது. எழுந்தது. தாழ்ந்தது. நெற்றியில் தொங்கிய வியர்வைத் துளி வழிந்து கன்னத்தில் ஓடியது. எழிலரசி தண்ணீருக்கடியிலிருந்து வந்தவள்போல் காற்றை உறிஞ்சினாள். தூக்கிய கால் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது.

"அக்கா," என்றாள். பகலில் சொன்ன அக்கா இல்லை. புதியது. நடுங்கியது. "அக்கா, பின்னாடி யாரு?"

"திரும்பாத. ஓடு."

அவள் ஓடினாள். வளையல் சத்தம் சரிவில் இறங்கிப் போனது. வெண்மதி அதே படியில், அவளுக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றாள். கொண்டை ஊசி இன்னும் கையில் இருந்தது. அதை விரல்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டாள்.

முன்வரிசையில் கொத்தனின் இமை அசைந்தது.

பிறகு பக்கத்தில் இருந்தவளுடையது.

பிறகு, சுவரிலிருந்து சுவர் வரைக்கும், இருட்டு வரைக்கும், தூக்கியிருந்த கால்கள் அத்தனையும் ஒரே சமயத்தில் இறங்கின. மலை அதிர்ந்தது. கீழே ஊரில் நாய்கள் ஒன்றாகக் குரைக்க ஆரம்பித்தன.

ஆயிரம் வாய்கள் திறந்து மூச்சை இழுத்தன.

வெண்மதி கால்களை அகட்டி ஊன்றினாள். "நான் நகர மாட்டேன்," என்றாள்.

அவர்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் பக்கமாக அடுத்த காலைத் தூக்கினார்கள்.